பனிக்கட்டிச் சாயமிடல்

பனிக்கட்டிச் சாயமிடல் என்பது, காரநீரில் ஊறவைத்துப் பிழிந்த பருத்தித் துணியின் மேல் பனிக்கட்டிகளைக் குவித்து, அவற்றின் மேல் உலர்ந்த சாயத்தூளைத் தூவி, பனிக்கட்டி உருகும் நீரிலேயே சாயம் கரைந்து துணிக்குள் இறங்குமாறு செய்யும் ஒரு சாயமிடல் முறையாகும். துணியை முடிச்சிட்டோ, மடித்தோ, கசக்கியோ சாயமிடும் முறைகளின் அண்மைக்கால வடிவங்களுள் இதுவும் ஒன்று. ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் வீட்டிலேயே துணிக்குச் சாயமிடும் பொழுதுபோக்காளரிடையே இது 21 ஆம் நூற்றாண்டில் பரவலானது. வினைபுரி சாயங்கள் எனப்படும் வகையே இம்முறைக்கு ஏற்றது. இதில் கிடைக்கும் கோலம் நீர்வண்ண ஓவியத்தில் நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கசிவதைப் போலத் தோன்றும். ஒரே கோலத்தை இரண்டாம் முறை உருவாக்க இயலாது.

பனிக்கட்டியின் குளிர்ச்சிதான் சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்கிறது என்னும் கருத்து பலரிடம் உள்ளது. இது தவறாகும். குளிர்ச்சி உண்மையில் சாயம் துணியுடன் பிணையும் வேதிவினையை ஏறத்தாழ நிறுத்தியே வைக்கிறது. பனிக்கட்டி முழுவதும் உருகி, துணி அறை வெப்பநிலைக்குத் திரும்பிய பின்னரே சாயத்தின் பெரும்பகுதி நிலைகொள்கிறது. இதனை அறியாது, பனிக்கட்டி உருகியவுடன் துணியை அலசிவிடுவோரின் சாயம் நீரோடு போய்விடும்.

தொடர்புடைய முறைகள்

துணியின் சில பகுதிகளில் சாயம் புகாதவாறு நூலால் கட்டிச் சாயமிடும் கலை மிகப் பழமையானது. குசராத்து, இராசசுத்தான் பகுதிகளின் பந்தனி, சப்பானின் சிபோரி, மதுரையின் சுங்குடி ஆகியன இவ்வகையின. சுங்குடியில் சிறு சிறு முடிச்சுகள் இடப்பட்டு, அவிழ்த்தபின் அவை வெண்புள்ளிகளாகத் தெரியும். இவற்றில் எல்லாம் எவ்விடத்தில் சாயம் படக்கூடாது என்பதைக் கைவினைஞரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார். பனிக்கட்டிச் சாயமிடலிலோ துணியின் மடிப்பை மட்டுமே நாம் தீர்மானிக்கிறோம். மற்றவற்றை உருகும் நீர் தீர்மானிக்கிறது. கைத்திறனில் சுங்குடியோடு இதனை ஒப்பிட முடியாது. ஆனால் இதன் பின்னுள்ள வேதியியல், பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்ணால் கண்டு அறியக்கூடியது.

பனி பொழியும் நாடுகளில் பனிக்கட்டிக்கு மாற்றாக வெளியிலிருந்து அள்ளிய பனித்துகளையே துணியின் மேல் குவித்துச் சாயமிடுவதும் உண்டு. வேதியியல் நோக்கில் இரண்டும் ஒன்றே.

வினைபுரி சாயங்கள்

பருத்தி, சாயமிடுவதற்கு எளிதான நாரிழை அன்று. 1856 இல் வில்லியம் ஹென்றி பெர்கின் மாவ் என்னும் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பட்டில் எளிதாக ஏறிய அச்சாயம், பருத்தியில் பிறிதொரு பொருளின் துணையின்றி ஏறவில்லை. 1884 இல் வந்த காங்கோ சிவப்பு நேரடியாகப் பருத்தியில் ஏறியது. எனினும் அது நாரிழையோடு வலுவற்ற ஈர்ப்பு விசைகளாலேயே ஒட்டியிருந்தமையால் ஒவ்வொரு சலவையிலும் சிறிது சிறிதாக வெளியேறியது. அவுரி முதலிய தொட்டிச் சாயங்கள் வேறு வழியைப் பின்பற்றின. அவை கரையும் நிலையில் நாரிழைக்குள் புகுந்து, பின்னர் காற்றுப்பட்டுக் கரையாத துகளாக மாறி உள்ளேயே சிறைப்படுகின்றன. இவற்றுள் எதிலும் சாயமும் துணியும் வேதியியல் முறையில் ஒன்றாவதில்லை.

அதனைச் சாதித்தவர்கள் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ராட்டீ, ஸ்டீபன் என்னும் இரு வேதியியலாளர்கள். குளோரின் அணுக்கள் இரண்டைக் கொண்ட டிரையசின் வளையத்தைச் சாய மூலக்கூறுடன் இணைத்தால், அது மென்மையான காரச் சூழலில் பருத்தியுடன் நேரடியாக வினைபுரியும் என்பதை 1954 இல் அவர்கள் கண்டறிந்தனர். இச்சாயங்கள் 1956 இல், பெர்கினின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து, புரோசியான் என்னும் வணிகப் பெயரில் விற்பனைக்கு வந்தன. வீட்டுச் சாயமிடலில் இன்றும் பெரிதும் பயன்படும் புரோசியான் எம்எக்ஸ் வகை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

வினை நிகழும் விதம் பின்வருமாறு. பருத்தி என்பது ஏறத்தாழத் தூய செல்லுலோசு. அதன் நெடிய சங்கிலியெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. கரைசலின் பி.எச். மதிப்பு 10.5 முதல் 11 வரை உயரும்போது இத்தொகுதிகளுள் சில தம் புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற ஆக்சிசன், டிரையசின் வளையத்திலுள்ள கார்பன் அணுவைத் தாக்கி, அங்குள்ள குளோரினை வெளியேற்றி அதன் இடத்தில் தான் அமர்கிறது. இதன் விளைவாகச் சாயமும் செல்லுலோசும் சகப்பிணைப்பால் இணைகின்றன. அதன்பின் சாயம் என்பது துணியின் மேல் ஒட்டிய பொருள் அன்று. துணியின் மூலக்கூறிலேயே ஒரு பகுதி. வினைபுரி சாயமிட்ட துணி நிறம் மங்கும் முன் கிழிந்துவிடும் எனச் சாயத்தொழிலில் உள்ளோர் கூறுவது சற்று மிகையாயினும், அடிப்படையற்றது அன்று.

ஆனால் இவ்வினைக்கு ஒரு போட்டி உண்டு. காரநீரிலுள்ள ஹைட்ராக்சைடு அயனியும் அதே குளோரினை வெளியேற்ற வல்லது. இவ்வாறு நீராற்பகுப்பு அடைந்த சாயமும் அதே நிறத்தில்தான் இருக்கும். பார்வைக்கு எவ்வேறுபாடும் தெரியாது. ஆயினும் அது துணியுடன் பிணையும் ஆற்றலை இழந்துவிட்டது. எனவேதான் காரமும் சாயமும் கலந்த கரைசல் சில மணி நேரத்தில் பயனற்றுப் போகிறது. வினைபுரி சாயமிடலின் எல்லாச் செய்முறை நுணுக்கங்களும், நீர் முந்துமுன் துணியை முந்தச் செய்வது என்னும் ஒரே நோக்கத்தைக் கொண்டவை எனலாம்.

பனிக்கட்டியின் பங்கு

பனிக்கட்டி இங்கு இரண்டு பணிகளைச் செய்கிறது. முதலாவது, நீரைச் சிறுகச் சிறுக அளந்து கொடுப்பது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 கிலோசூல் வெப்பம் தேவை. இந்த உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பெறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை நீர் சொட்டுச் சொட்டாகவே கிடைக்கிறது. சாயத்தூளின் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, செறிவு மிக்க சிறு ஓடையாகக் கீழிறங்குகிறது. ஒரு கோப்பை நீரில் அதே தூளைக் கலக்கி ஊற்றினால் சீரான ஒரே நிறமே கிடைக்கும். பனிக்கட்டியின் கீழ் உருவாகும் கோடுகளும் திட்டுகளும் இந்தச் செறிவு வேறுபாட்டால் வருபவையே. கட்டிகள் பெரியனவாயின் கோலமும் பெரிய திட்டுகளாக அமையும். நொறுக்கிய பனிக்கட்டி நுண்ணிய கோலத்தைத் தரும்.

இரண்டாவது பணி, காலத்தை நீட்டிப்பது. வேதிவினைகளின் வேகம் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஒரு தோராயமான விதி. அதன்படி 30 பாகையில் நிகழும் வினை 0 பாகையில் எட்டில் ஒரு பங்கு வேகத்திலேயே நிகழும். ஒரு நாளில் முடிய வேண்டியது முடிய எட்டு நாட்கள் ஆகும் என்று பொருள். சாயம் துணியுடன் பிணைவது மட்டுமன்றி நீராற்பகுப்பும் இதனால் தாமதமாகிறது. ஆகவே சாயம் கெடாமலும், முதலில் தொட்ட இடத்திலேயே முழுதும் பிணைந்து நின்றுவிடாமலும், மடிப்புகளினூடே நெடுந்தொலைவு பயணம் செய்ய முடிகிறது. நிறங்கள் மென்மையாகக் கலப்பதற்கு இதுவே காரணம்.

வட அமெரிக்காவின் குளிர்காலத்தில், சூடேற்றப்படாத அறையில் இம்முறையைச் செய்வோர் துணியை 21 பாகைக்கு மேற்பட்ட இடத்திற்கு மாற்றி வைக்கும்படி அறிவுறுத்தப்படுகின்றனர். சென்னையில் அத்தகைய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

நிறங்கள் பிரிதல்

இம்முறையின் தனிச்சிறப்பு, ஒரே சாயத்தூளிலிருந்து பல நிறங்கள் தோன்றுவதாகும். கறுப்புத் தூளைத் தூவினால் நீலமும், ஊதாவும், மஞ்சள் கலந்த பழுப்பும் தனித்தனியே தெரிவதுண்டு. புதிதாகச் செய்வோர் இதனைப் பனிக்கட்டியின் மாயம் என எண்ணுவர். உண்மையில் அந்நிறங்கள் யாவும் தூளிலேயே இருந்தவை.

கடைகளில் விற்கப்படும் நூற்றுக்கு மேற்பட்ட நிறப் பெயர்களுள் ஒற்றை மூலக்கூறால் ஆனவை மிகச் சிலவே. எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, இருவகைச் சிவப்பு, சில நீலங்கள், நீலப்பச்சை என இவை விரல்விட்டு எண்ணத்தக்கன. கறுப்பு, பழுப்பு, சாம்பல், ஊதா, ஏனைய பச்சைகள் போன்றவை பெரும்பாலும் இவற்றின் கலவைகள். கலவையிலுள்ள ஒவ்வொரு சாயமும் கரையும் வேகத்திலும், பருத்தியின்பால் கொண்ட ஈர்ப்பிலும், வினைபுரியும் வேகத்திலும் வேறுபடுகிறது. விரைந்து பிணையும் சிவப்பு தான் விழுந்த இடத்தின் அருகிலேயே நின்றுவிட, நீலப்பச்சை நீரோடு சேர்ந்து தொலைவு சென்று ஒளிவட்டம் போல் படர்கிறது. நீலப்பச்சைச் சாயத்தின் மூலக்கூறு, செம்பு அணுவை நடுவில் கொண்ட பெரிய தாலோசயனின் அமைப்பாகும். அது நிலைகொள்ளக் கூடுதல் வெப்பமும் நேரமும் தேவை.

பள்ளி ஆய்வகத்தில் கறுப்பு மையை வடிதாளில் இட்டு நீரில் நிறுத்தி நிறங்களைப் பிரித்துக் காட்டும் தாள் வண்ணப்பிரிகைச் சோதனைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இங்கு தாளின் இடத்தில் துணி உள்ளது. ஒரு தூள் கலவையா, ஒற்றைச் சாயமா என்று அறிய, ஈரமான வெள்ளைக் காகிதக் கைக்குட்டையில் அதனைச் சிட்டிகையளவினும் குறைவாகத் தூவிப் பார்க்கலாம். கலவையாயின் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றும். ஒற்றைச் சாயங்களை மட்டும் பயன்படுத்தினால் பிரிதல் இராது. அடர்த்தி வேறுபாடு மட்டுமே இருக்கும். பலர் விலையுயர்ந்த தூய நிறங்களை வாங்கி ஏமாற்றம் அடைவது இதனாலேயே. இம்முறைக்கு அழகு சேர்ப்பவை மங்கிய பழுப்பும் சாம்பலும் போன்ற கலவைகளே.

துணி

பருத்தி, லினன், சணல், ரேயான் ஆகிய செல்லுலோசு நாரிழைகள் அனைத்தும் ஏற்றவை. பட்டும் வினைபுரி சாயத்தை ஏற்கும். ஆனால் அதன் பளபளப்பைக் காரம் சற்றுக் குறைக்கும். கம்பளி காரத்தால் கெடும். பாலியெசுடரில் வினைபுரிவதற்கு ஏற்ற ஹைட்ராக்சில் தொகுதிகள் இல்லாமையால் சாயம் ஏறாது. பருத்தியும் பாலியெசுடரும் கலந்த துணியில் பருத்தி இழைகள் மட்டும் நிறம் பெறுவதால் துணி வெளிறியே தோன்றும். முழுப் பருத்தி எனக் குறிக்கப்பட்ட சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெசுடராகவே இருக்கும். சாயமிட்ட பின் தையல்கள் மட்டும் வெள்ளையாக நிற்பது பிழையன்று.

புதிய துணிகளில் கஞ்சியும் மென்மையாக்கும் பூச்சுகளும் இருக்குமாதலால் முதலில் சுடுநீரில் துவைத்தல் வேண்டும்.

செய்முறை

தேவையான காரம் சோடியம் கார்பனேட்டாகும்; சாயப்பட்டறைகளில் இதனைச் சோடா ஆஷ் என்பர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் கரைத்துத் துணியை 15 முதல் 20 நிமிடம் வரை ஊறவைக்க வேண்டும். சலவைச் சோடாவும் இதே சேர்மம்தான். எனினும் அதன் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகள் இருப்பதால், அதே விளைவுக்கு எடையில் ஏறத்தாழ 2.7 மடங்கு தேவைப்படும். சமையல் சோடா வேறு பொருள். அதன் காரத்தன்மை போதாது. சோடாக் கரைசல் அலுமினியத்தை அரிக்குமாதலால் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும்.

ஊறிய துணியை நன்கு பிழிந்து, விரும்பியவாறு மடிக்கலாம், முறுக்கலாம், அல்லது வெறுமனே கசக்கி வைக்கலாம். முதன்முறை செய்வோருக்குக் கசக்கி வைத்தலே நல்ல விளைவைத் தருகிறது. அகன்ற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில், அடியிலிருந்து சில அங்குல உயரத்தில் கம்பிவலை ஒன்றை அமைத்து அதன் மேல் துணியை வைக்க வேண்டும். இது மிக இன்றியமையாதது. வலையின்றித் தொட்டியின் அடியிலேயே துணியை வைத்தால், எல்லா நிறங்களும் கலந்த உருகுநீரில் அது மூழ்கிச் சேற்றின் நிறத்தைப் பெறும்.

ஒரு டி-சட்டைக்கு 1 முதல் 2 கிலோகிராம் வரை பனிக்கட்டி தேவைப்படும். துணி எங்கும் தெரியாதவாறு மூடி, இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டிச் சாயத்தூளை மேலே தூவ வேண்டும். தூள் நேரடியாகத் துணியில் விழுந்தால் அங்கு கரும்புள்ளிகள் தோன்றும். சிலர் அதனையே விரும்பி, முதலில் துணியின் மேல் தூளைத் தூவிப் பின்னர் பனிக்கட்டியால் மூடுகின்றனர். இவ்வாறு செய்தால் நிறங்கள் அடர்த்தியாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் அமையும்.

பின்னர் தொட்டியை மூடி வைத்துவிட வேண்டும். பனிக்கட்டி முழுதும் உருகியபின் அடியில் தேங்கிய நீரை அகற்றி, துணி காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, தூவிய நேரத்திலிருந்து மொத்தம் 24 மணி நேரம் ஆகும்வரை விடவேண்டும். வினை நீர்க்கரைசலில் மட்டுமே நிகழ்வதால் துணி காய்ந்தால் அங்கேயே நின்றுவிடும். தேங்கிய நீரை வீணாக்க விரும்பாதோர் தொடக்கத்திலேயே வலையின் கீழ் சோடாவில் ஊறிய மற்றொரு துணியை வைப்பதுண்டு.

அலசுதல்

முதலில் மடிப்பை அவிழ்க்காமல் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். இதன் நோக்கம் காரத்தை நீக்குவதாகும். காரம் இருக்கும்போதே சுடுநீர் ஊற்றினால், இன்னும் வினைபுரியும் ஆற்றல் எஞ்சியுள்ள சாயம் வெண்மையான பகுதிகளில் ஏறிவிடும். வழுவழுப்பு நீங்கியபின் அவிழ்த்து, 60 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரில் சலவைத்தூள் இட்டுத் துவைக்க வேண்டும். நீராற்பகுப்படைந்த சாயத்திற்குப் பருத்தியின்மீதுள்ள ஈர்ப்பு வெப்பத்தில் குறைவதால் சுடுநீரிலேயே அது முழுதும் வெளியேறும். ஓரிரு முறை குளிர்ந்த நீரில் அலசி, நிறம் நின்றுவிட்டது என எண்ணுவோரின் மற்றத் துணிகள் அடுத்த சலவையில் பாதிக்கப்படும். ஈரமான துணியின்மேல் வெள்ளைத் துணியொன்றை வைத்துச் சூடாக இசுத்திரி போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. வெள்ளைத் துணியில் கறை படியவில்லையாயின் வேலை முடிந்தது.

உப்பும் வினாகிரியும்

சாயம் போகாமலிருக்கப் புதுத்துணியை உப்புநீரில் ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வினைபுரி சாயத்தை உப்பு நிலைப்படுத்துவதில்லை. தொழிற்கூடங்களில் உப்புச் சேர்க்கப்படுவது, நீரில் கரைந்துள்ள சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்காகும். பிணைப்பை ஏற்படுத்துவது காரமே. வினாகிரியோ நேர்மாறாகக் கெடுதல் செய்யும். 24 மணி நேரம் முடியுமுன் அதனை ஊற்றினால் காரம் நடுநிலையாகி வினை நின்றுவிடும். கம்பளிக்கான அமிலச் சாயங்களுக்குரிய அறிவுரை இடம் மாறி வந்ததே இவ்வழக்கம்.

பாதுகாப்பு

வினைபுரி சாயத்தின் ஆற்றலே அதன் தீங்குமாகும். செல்லுலோசுடன் பிணைய வல்ல அதே வளையம், நுரையீரலில் உள்ள புரதங்களுடனும் பிணைய வல்லது. தூளைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு ஆசுத்துமா வரக்கூடும் என்பது சாயத் தொழிலாளரிடையே உறுதி செய்யப்பட்ட ஒன்றாகும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தூண்டும். அந்நிலை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

மற்ற முறைகளில் தூள் ஒரே ஒருமுறை நீரில் கரைக்கப்படுகிறது. பனிக்கட்டிச் சாயமிடலிலோ உலர்தூள் காற்றில் தூவப்படுகிறது. ஆகவே இவ்வகைச் சாயமிடல்களுள் தூளைச் சுவாசிக்கும் வாய்ப்பு மிகுந்தது இதுவே. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம் தேவை. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தரையில் ஈரமான செய்தித்தாளை விரித்து வைத்தால் சிந்திய தூள் மீண்டும் எழாது. தூவும் வேலையைச் சிறுவரிடம் கொடுத்தல் கூடாது. அவர்கள் மடிப்பதையும் பனிக்கட்டி குவிப்பதையும் செய்யலாம். பயன்படுத்திய கரண்டி, சல்லடை, பாத்திரம் எதுவும் மீண்டும் சமையலறைக்குச் செல்லலாகாது. கையுறை அணிவதும், சோடாக் கரைசல் கண்ணில் படாமல் காப்பதும் வேண்டும்.

கழிவுநீர்

வினைபுரி சாயமிடலில் மூன்றில் ஒரு பங்கு வரையிலும்கூடச் சாயம் துணியில் சேராமல் நீரோடு வெளியேறலாம். இதன் விளைவைத் தமிழ்நாடு நன்கு அறியும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் சாயப்பட்டறைகள் பெரிதும் பயன்படுத்தியவை இவ்வகைச் சாயங்களே. அவற்றின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கு நிறத்தைவிடப் பெரிய சிக்கலாக இருந்தது உப்பே. நிறத்தை வேதிமுறையில் நீக்கலாம். கரைந்த உப்பை நீக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவை. அதுவரை அந்நீர் எந்தப் பயிருக்கும் உதவாது.

பனிக்கட்டிச் சாயமிடலில் உப்பு பயன்படுவதில்லை என்பதால் இக்குறை இல்லை. ஆனால் துணியின் எடையை ஒப்பிடத் தூவப்படும் சாயத்தின் அளவு மிகுதி. சுமார் 160 கிராம் எடையுள்ள சட்டைக்கு 8 கிராம் தூள் என்பது 5 விழுக்காடு. அடர்கறுப்புத் துணிக்குத் தொழிற்கூடத்தில் இடும் அளவுக்கு இது நெருங்குகிறது. பொதுக் கழிவுநீர்க் குழாயில் ஓரிரு சட்டைகளின் அலசுநீரை விடுவதால் பெருந்தீங்கு இல்லை. கிணற்றடியிலோ, வாய்க்காலிலோ, செடிகளுக்கோ ஊற்றுதல் கூடாது. சோடா மண்ணின் களர்த்தன்மையை உயர்த்தும்.